மண்ணையே மிதிக்காத வண்டிக்கு மண் டயர் எதுக்கு?

பெரிய அட்வெஞ்சர் பைக் வாங்குகிறவர்களில் ஒரு கூட்டத்துக்கு ஒரு வியாதி இருக்கிறது. வண்டி வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே அதோடு வந்த நல்ல டயர்களைக் கழற்றிப் போட்டுவிட்டு, கட்டை கட்டையாக ரப்பர் துருத்திக்கொண்டிருக்கும் பட்டன் டயரை மாட்டிவிடுவார்கள். இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி, முன்னால் கூடுதலாக நாலு விளக்கு, இன்ஜினைச் சுற்றி இரும்புக் கம்பி, பெட்டி முழுக்க ஸ்டிக்கர். பார்த்தால் நேற்றுத்தான் சஹாராவைத் தாண்டி வந்த மாதிரி இருக்கும். ஆனால் அந்த வண்டி ஒரு வருஷத்தில் போன இடங்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் கதை வேறு. ஆபீஸ், ஹைவே, ஞாயிற்றுக்கிழமை காலை டிபன், வருஷத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு மலை. எல்லாமே தார்ரோடு!

பெட்டியும் விளக்கும் ஸ்டிக்கரும் யாருக்கும் கெடுதல் செய்யப்போவதில்லை. ஆசைக்கு இருந்துவிட்டுப் போகட்டும். டயர் அப்படி இல்லை. அத்தனை பெரிய வண்டியில் தரையைத் தொடுகிற ஒரே பாகம் அதுதான். அதைப் பந்தாவுக்காக வாங்குவது, முகத்துக்கு எடுப்பாக இருக்கிறது என்று அடுத்தவருடைய பவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரோட்டைக் கடப்பது மாதிரி.

தார்ரோட்டில் ஓடுகிற பெரிய வண்டிக்குத் தார்ரோட்டு டயர்தான் போடவேண்டும். இவ்வளவு சாதாரணமான விஷயத்தைச் சொல்வதற்கே சண்டை போட வேண்டியிருக்கிறது என்பதுதான் வேடிக்கை. சரி, சண்டை என்று ஆன பிறகு ஒழுங்காகவே போட்டுவிடலாம்.

பெயரிலேயே ரோடு இருக்கு

இந்த வகை வண்டிகளுக்கெல்லாம் மூத்த அண்ணன் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் ஆர் 80 ஜி/எஸ். 1980-ல் வந்தது. அந்த ஜி, எஸ் இரண்டும் ஜெர்மன் வார்த்தைகளின் முதல் எழுத்துகள். ஜி என்றால் காடுமேடு. எஸ் என்றால் 'ஷ்ட்ராஸ', அதாவது சாலை. காட்டுக்கும் போகலாம், ரோட்டிலும் போகலாம் என்று இரண்டையும் சேர்த்துச் சொன்ன வண்டி. ஜி மட்டும் எல்லோர் மண்டையிலும் தங்கிவிட்டது, எஸ் காற்றில் போய்விட்டது.

அதற்குக் காரணம் பாரிஸ்-டாக்கர் பந்தயம். 1981-ல் உபெர் ஓரியோல் இந்த வண்டிக் குடும்பத்தின் பந்தய வடிவத்தில் ஜெயித்தார். 1983-லும் அவரே. 1984, 1985 இரண்டு வருஷமும் காஸ்டோன் ரஹியே. நாலு வெற்றி, நடுவே சஹாரா மணல். விளம்பரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? அன்றிலிருந்து இந்த வண்டிகளைப் பாலைவனத்தில் நிறுத்தித்தான் படம் எடுக்கிறார்கள். நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் மழையில் போவதைப் படம் எடுத்தால் யார் வாங்குவார்கள்!

ஆனால் வண்டி அதே வண்டியாகவா இருக்கிறது? 1980-ல் வந்த ஆர் 80 ஜி/எஸ் சுமார் 190 கிலோ. 50 குதிரைத்திறன். முன்சக்கரம் 21 இன்ச், ஒல்லியானது. கல்லிலும் குழியிலும் ஏறி இறங்குவதற்குப் பெரிய ஒல்லிச் சக்கரம்தான் வசதி, அதனால்தான் மோட்டோகிராஸ் வண்டிகளில் இன்றைக்கும் 21 இன்ச் இருக்கிறது. 1990-களில் வந்த ஆர் 1100 ஜிஎஸ் வண்டியில் முன்சக்கரம் 19 இன்ச்சாகச் சுருங்கியது. 2013-ல் தண்ணீரில் குளிரும் இன்ஜினோடு ஆர் 1200 ஜிஎஸ் வந்தபோது முன் டயரின் அகலம் 110-லிருந்து 120 மில்லிமீட்டர் ஆனது, பின் டயர் 150-லிருந்து 170. 2023-ல் வெளியான ஆர் 1300 ஜிஎஸ் 237 கிலோ எடை, 145 குதிரைத்திறன்.

இந்த எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். நாற்பது வருஷமாக இந்த வண்டியைச் செய்கிறவர்கள் அதை ரோட்டுப் பக்கமாக நகர்த்திக்கொண்டே வந்திருக்கிறார்கள். அகலமான டயரும் சின்ன முன்சக்கரமும் அவ்வளவு குதிரைத்திறனும் தார்ரோட்டில் வேகமாகப் போவதற்கும், சாய்ந்து திரும்புவதற்கும், சட்டென்று நிற்பதற்கும். வாங்குகிறவர்கள் மட்டும் கற்பனையில் எதிர்ப்பக்கமாக, பாலைவனத்துக்குள் போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

2004-ல் யுவன் மெக்ரெகரும் சார்லி பூர்மனும் லண்டனிலிருந்து நியூயார்க் வரை ஆர் 1150 ஜிஎஸ் அட்வெஞ்சர் வண்டிகளில் போன பயணம் டிவியில் தொடராக வந்தது. இந்த மோகத்தை ஊதிப் பெரிதாக்கியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அதைப் பார்த்துவிட்டு வண்டி வாங்கியவர்கள் எத்தனையோ பேர். அந்தத் தொடரிலேயே மங்கோலியாவின் சேற்றில் அந்தப் பெரிய வண்டிகள் மறுபடி மறுபடி விழுந்ததும், ஒளிப்பதிவாளரின் வண்டி பழுதாகி அதற்குப் பதிலாக அங்கேயே ஒரு சாதாரண ரஷ்ய பைக்கை வாங்கியதும், அந்த லேசான வண்டி சேற்றைத் தாண்டிப் போனதும் இருக்கிறது. பாடம் கண் முன்னாலேயே ஓடியது. காட்டுக்கு வேண்டியது லேசான வண்டி. பெரிய வண்டிக்குக் கட்டை கட்டையாக டயர் போட்டால் அது லேசாகிவிடாது. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான்.

பட்டன் டயர் தார்ரோட்டில் என்ன செய்யும்?

பட்டன் டயர் மோசமான டயர் என்று யாரும் சொல்லவில்லை. அதன் வேலை வேறு. சேற்றிலும் மணலிலும் அந்த ரப்பர்க் கட்டைகள் மண்ணுக்குள் இறங்கி, மண்ணையே பிடிமானமாக வைத்துத் தள்ளும். நடுவே இருக்கும் அகலமான இடைவெளிகள் சேற்றை வெளியே வீசிவிடும். பிரமாதமான ஏற்பாடு!

தார்ரோட்டில் அந்தக் கட்டைகள் எதற்குள் இறங்கும்? ஃபுட்பால் ஷூவைப் போட்டுக்கொண்டு டைல்ஸ் தரையில் ஓடிப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். புல்தரையில் உயிரைக் காப்பாற்றிய அதே குமிழ்கள், டைல்ஸில் பல்லை உடைக்கும்.

ஒரு பைக் டயர் எந்த நேரத்திலும் தரையைத் தொடுகிற இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். இரண்டு டயருக்கும் சேர்த்து இரண்டு உள்ளங்கை. வண்டி, ஓட்டுகிறவர், பின்னால் உட்கார்ந்திருப்பவர், பெட்டி, அதற்குள் இருக்கும் சாமான் எல்லாம் சேர்த்து 400 கிலோவைத் தாண்டும் எடையை அந்த இரண்டு உள்ளங்கைதான் நிறுத்தவேண்டும், திருப்பவேண்டும். பட்டன் டயரில் அந்த உள்ளங்கையிலும் பெரும்பகுதி வெறும் இடைவெளி. மிச்சம் இருக்கிற ரப்பரும் நெட்டையாகத் தனித்தனியாக நிற்கிற கட்டைகள். வளைவில் சாயும்போதும் அழுத்தி பிரேக் பிடிக்கும்போதும் அவை நெளியும். நெளிவதால் சூடாகும், சீக்கிரம் தேயும், கைப்பிடியில் ஒருவித ஆட்டம் தெரியும்.

மழை வந்தால்? இங்கேதான் மிகப் பெரிய மூடநம்பிக்கை இருக்கிறது. "பள்ளம் ஆழமா இருந்தா தண்ணி வெளியே போயிடும், அதனால மழையில பட்டன் டயர்தான் நல்லா பிடிக்கும்" என்று மெக்கானிக் கடையிலிருந்து காலேஜ் பார்க்கிங் வரை எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். பைக் டயர் கார் டயரைப் போலத் தட்டையானது இல்லை. உருண்டையாக, குறுகலாக இருப்பதால் அது தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும். ஈர ரோட்டில் பிடிப்பைத் தீர்மானிப்பதில் பெரிய பங்கு ரப்பர் கலவைக்கு. நல்ல ரோடு டயர்களில் சிலிகா சேர்த்த கலவை போடுகிறார்கள். குளிர்ந்த ஈரத் தாரிலும் அது இளகி ஒட்டும். தண்ணீரை வழிக்கிற அளவுக்குக் காடிகளும் இருக்கும், மிச்சமெல்லாம் ரப்பர். மோட்டோஜிபி பந்தயத்தைப் பார்த்தாலே போதும். வெயிலில் காடியே இல்லாத வழவழப்பான டயர். மழை பெய்தால் மென்மையான ரப்பரில் காடி வெட்டிய டயர். அங்கே மழைக்காகப் பட்டன் டயர் மாட்டிய ஆளை யாராவது பார்த்ததுண்டா?

ஒரு சின்ன கணக்கு

ப்ளஸ் டூ பிசிக்ஸ் போதும். மணிக்கு 100 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 27.8 மீட்டர். டயர் நன்றாகப் பிடித்து, நொடிக்கு நொடி 9 மீட்டர் வீதம் வேகம் குறைகிறது என்று வைத்துக்கொண்டால் வண்டி சுமார் 43 மீட்டரில் நிற்கும். டயரின் பிடிப்பு குறைந்து 9-க்குப் பதில் 7 மீட்டர் வீதம்தான் குறைகிறது என்றால் 55 மீட்டர் ஆகும். (இந்த 9-ம் 7-ம் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. எந்தக் குறிப்பிட்ட டயரின் மதிப்பெண்ணும் இல்லை.)

"பன்னிரண்டு மீட்டர்தானே வித்தியாசம்" என்று தோன்றும். அங்கேதான் ஏமாறுகிறோம். முதல் வண்டி முழுசாக நின்றுவிட்ட அந்த 43-வது மீட்டரில் இரண்டாவது வண்டி எவ்வளவு வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்? சூத்திரத்தில் போட்டால் மணிக்கு 47 கிலோமீட்டர். அதாவது ஒருத்தர் லாரியின் பின்பக்கத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்று, "யப்பா, தப்பிச்சோம்" என்று பெருமூச்சு விடுகிற அதே இடத்தில், இன்னொருத்தர் 47 கிலோமீட்டர் வேகத்தில் அந்த லாரியில் போய் மோதுகிறார். இரண்டு பேரும் ஒரே நொடியில்தான் பிரேக் பிடித்தார்கள். இரண்டு பேரின் திறமையும் ஒன்றே. வண்டியும் ஒன்றே.

இதைப் படித்தபிறகும் "எனக்கு லுக்குதான் முக்கியம்" என்பவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். பின்சீட்டில் உட்காருகிறவரிடமும் அதை ஒருமுறை சொல்லிவிட்டு வண்டியை எடுக்கவேண்டும், அவ்வளவுதான்.

சறுக்குகிற இடம் வேறு, சாகிற இடம் வேறு

பட்டன் டயர் கோஷ்டியின் பிரம்மாஸ்திரம் ஒன்று உண்டு. "திடீர்னு மண்ரோடு வந்தா என்ன பண்ணுவ?"

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லும்போது இரண்டு இடத்திலும் ஆபத்து எப்படி வருகிறது என்று பார்க்கவேண்டும்.

மண்ரோடு கண்ணுக்குத் தெரிந்து வருகிறது. தார் முடிகிறது, செம்மண் தொடங்குகிறது. ஓட்டுகிறவர் வேகத்தைக் குறைக்கலாம், ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்று ஓட்டலாம், மோசமாக இருந்தால் திரும்பிப் போகலாம். வேகத்தைத் தீர்மானிப்பது அவர்தான். ரோடு டயரோடு ஜல்லி ரோட்டிலும் காய்ந்த மண்ரோட்டிலும் 30 கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாகப் போகலாம், தினமும் எத்தனையோ பேர் போகிறார்கள். மிஞ்சிப் போனால் வண்டி மெதுவாகச் சாயும். கண்ணாடி உடையும், கிளட்ச் லீவர் வளையும், 237 கிலோவைத் தூக்கி நிறுத்த இரண்டு பேரைக் கூப்பிடவேண்டும், மானம் கொஞ்சம் போகும்.

தார்ரோட்டு ஆபத்து சொல்லிக்கொண்டு வராது. சர்வீஸ் ரோட்டிலிருந்து ஒரு ஆட்டோ குறுக்கே நுழையும். முன்னால் போகிற கார் காரணமே இல்லாமல் நிற்கும். வளைவுக்கு அந்தப் பக்கம் மாடு படுத்திருக்கும். அங்கே வேகத்தைக் குறைத்துக்கொண்டு யோசிக்க நேரம் கிடையாது. டயரில் ஏற்கெனவே என்ன பிடிப்பு இருக்கிறதோ அதுதான் கையிருப்பு. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், 100 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும் ஆற்றல் 30-ல் இருப்பதைப் போல 11 மடங்கு.

ஆக, மண்ரோட்டில் தப்பான டயருக்கு அபராதம் ஒரு கிளட்ச் லீவர். தார்ரோட்டில் தப்பான டயருக்கு அபராதம் ஒரு இடுப்பெலும்பு, அல்லது அதைவிடப் பெரிய ஒன்று. வருஷத்தில் 10,000 கிலோமீட்டர் ஓட்டி அதில் 200 கிலோமீட்டர் மண்ரோடு என்றால் அது நூற்றுக்கு 2. அந்த 2-ல் லீவரைக் காப்பாற்றுவதற்காக மிச்சம் 98-ல் எலும்பை அடகு வைப்பது என்ன கணக்கு? மளிகைக் கடை அண்ணாச்சிகூட இந்தக் கணக்கை ஒத்துக்கொள்ளமாட்டார்.

மலைகள்கூட இன்றைக்குத் தார்தான். ஐரோப்பாவில் இந்த வண்டிக்காரர்களின் புண்ணியத் தலம் இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய். உயரம் 2,757 மீட்டர், வடகிழக்குப் பக்கம் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். அடி முதல் உச்சி வரை தார் போட்ட ரோடு. இங்கே கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் தார்தான். அந்த வளைவுகளில் சாய்ந்து திரும்பும்போது தரையைத் தொடுவது டயரின் ஓரம். அங்கே முழு ரப்பர் வேண்டுமா, நெளிகிற கட்டைகள் வேண்டுமா என்பதை வளைவுக்குள் போன பிறகு யோசிக்க முடியாது.

50/50 என்று ஒரு கண்கட்டு வித்தை

டயர் கடையில் இன்னொரு கூத்து நடக்கும். "இது 90/10 சார், இது 70/30, இது 50/50." முதல் எண் ரோடு, இரண்டாவது எண் காடு. கேட்கிறவருக்கு ஏதோ ஆய்வகத்தில் அளந்து எழுதிய எண் மாதிரி தோன்றும். இந்த எண்களுக்குப் பின்னால் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. அவரவர் டயரை எப்படிப் பயன்படுத்தலாம் என்று நினைக்கிறார்களோ அதைச் சொல்கிறார்கள். ஒரு கம்பெனியின் 70/30-ஐ இன்னொரு கம்பெனியின் 70/30-ஓடு ஒப்பிடவே முடியாது.

அதைவிட மோசம், அந்த எண் மனசுக்குள் செய்கிற வேலை. 50/50 என்றதும் ரோட்டிலும் காட்டிலும் சமமாக நன்றாக இருக்கும் என்று அர்த்தம் செய்துகொள்கிறார்கள். உண்மையில் இரண்டு பக்கமும் விட்டுக்கொடுத்துச் செய்த டயர் என்பதுதான் அர்த்தம். பாதிப் பயணம் நிஜமாகவே மண்ணில் போகிறவருக்கு அந்தச் சமரசம் தேவை. மண்ணில் போகாதவர் எதற்காக விட்டுக்கொடுக்கவேண்டும்?

ஐரோப்பிய ஒன்றியத்தில் கார் டயர் வாங்கினால் அதில் ஒரு லேபிள் இருக்கும். ஈர ரோட்டில் எப்படிப் பிடிக்கும் என்று ஏ முதல் ஈ வரை ஒரு எழுத்து போட்டே விற்கவேண்டும். 2012-ல் தொடங்கிய ஏற்பாடு, 2021 மே மாதத்திலிருந்து புதுச் சட்டத்தின்படி நடக்கிறது. கார், வேன், லாரி, பஸ் எல்லாவற்றின் டயருக்கும் உண்டு. மோட்டார் சைக்கிள் டயருக்குக் கிடையாது! நாலு சக்கரத்தில், இரும்புக் கூண்டுக்குள், பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பவருக்கு ஈரப் பிடிப்பு எவ்வளவு என்று எழுதிக் கொடுக்கிறார்கள். இரண்டு சக்கரத்தில் மழையில் நனைந்துகொண்டு போகிறவருக்கு 50/50 என்று ஒரு விளம்பர எண்ணும் ஒரு பாலைவனப் படமும்தான் மிச்சம். உண்மையில் கோபப்படவேண்டிய இடம் இது. அதை விட்டுவிட்டு எந்தப் பட்டன் எடுப்பாக இருக்கிறது என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

வழக்கமான சால்ஜாப்புகள்

"ஏபிஎஸ், டிராக்ஷன் கன்ட்ரோல் எல்லாம் இருக்கே?" இருக்கட்டும். வளைவில் சாய்ந்திருக்கும்போதும் வேலை செய்கிற ஏபிஎஸ் 2014 மாடல் கேடிஎம் 1190 அட்வெஞ்சரில் வந்தது, இன்று பெரிய வண்டிகளில் சகஜம். அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் ஏபிஎஸ் பிடிப்பை உண்டாக்காது. டயரில் இருக்கிற பிடிப்பைச் சிதறாமல் பயன்படுத்தும், அவ்வளவுதான். பானையில் இருந்தால்தான் அகப்பையில் வரும்.

"வீடியோவுல ஜிஎஸ் ஓட்டுறவங்க எல்லாரும் பட்டன் டயர்தானே போட்டிருக்காங்க?" ஆமாம். அவர்கள் ஆற்றைக் கடக்கிறார்கள், மணல்மேட்டில் ஏறுகிறார்கள், பயிற்சி எடுத்தவர்கள். வீடியோ எடுக்கிறவருக்கு ஹைவேயில் 300 கிலோமீட்டர் போனதைக் காட்டுவதில் என்ன லாபம்? வெட்டிப் போட்ட அந்த 300 கிலோமீட்டர்தான் பார்க்கிறவருடைய வாழ்க்கை.

"ரோடு டயர்னா அப்போ ரேஸ் டயரே போட்டுடலாமே?" இதுவும் தப்பு. பந்தயத்துக்கான டயர் நன்றாகச் சூடானால்தான் பிடிக்கும். காலை ஆறு மணிக்கு, குளிரில், மழையில், ஆபீஸ் போகிற வேகத்தில் அது சூடாகவே ஆகாது. சீக்கிரம் தேயவும் செய்யும். வேண்டியது டூரிங் டயர்.

"விலை?" பட்டன் டயர்தான் கடைசியில் அதிகச் செலவு. பெரிய வண்டியின் முறுக்குத்திறனில் பின்சக்கரப் பட்டன்கள் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே மழுங்கிப் போகும். அதற்குப் பிறகு அது மண்ணுக்கும் ஆகாது, ரோட்டுக்கும் ஆகாது.

ஒரே ஒரு கூட்டத்துக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது. நிஜமாகவே மாதக்கணக்கில் மண்ணிலும் மணலிலும் போகிறவர்கள். மங்கோலியாவுக்கோ மொராக்கோவுக்கோ கிளம்புகிறவர் பட்டன் டயர் போட்டுத்தான் ஆகவேண்டும், ஈரச் சேற்றில் ரோடு டயர் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். போகட்டும், போய்விட்டுத் திரும்பி வந்ததும் கழற்றி வைக்கட்டும். வசதி இருப்பவர்கள் இரண்டு ஜோடி சக்கரமே வைத்துக்கொள்கிறார்கள். அது புத்திசாலித்தனம்.

சரி, எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் அளவு. இன்றைய பெரிய ஜிஎஸ் வண்டிகளுக்கு முன்னால் 120/70 ஆர்19, பின்னால் 170/60 ஆர்17. முன்பெல்லாம் "19 இன்ச்சுக்கு நல்ல ரோடு டயரே வராதே" என்பார்கள். அந்தக் காலம் போய்விட்டது. மிஷலின் தன் பைலட் ரோடு 4 டூரிங் டயரை 2014-லேயே இந்த அளவுகளில் 'டிரெயில்' என்ற பெயரில் கொண்டுவந்தது, பின்னால் ரோடு 6 வரை அது தொடர்ந்தது. இது தவிர, பார்க்க அட்வெஞ்சர் மாதிரி இருந்தாலும் ரோட்டுக்கே செய்யப்பட்ட வகை ஒன்று உண்டு: மெட்ஸெலர் டூரன்ஸ் நெக்ஸ்ட் 2, கான்டினென்டல் டிரெயில் அட்டாக் 3, பிரிட்ஜ்ஸ்டோன் ஏ41, பிரெல்லி ஸ்கார்ப்பியன் டிரெயில் 2, மிஷலின் அனகீ ரோடு. இவற்றில் எதைப் போட்டாலும் ஒழுங்கான ஜல்லி ரோட்டைத் தாண்டிவிடலாம். லுக்கும் ஒன்றும் கெட்டுப்போகாது :-)

இரண்டாவது, டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணும் எழுத்தும். எண் எடையைத் தாங்கும் அளவு: 60 என்றால் 250 கிலோ, 72 என்றால் 355 கிலோ. எழுத்து வேகம்: க்யூ என்றால் 160 கிலோமீட்டர், டி 190, ஹெச் 210, வி 240. பட்டன் டயர்களில் பெயர் பெற்ற கான்டினென்டல் டிகேசி 80 இந்த ஜிஎஸ் அளவில் க்யூ. 200-க்கு மேல் போகக்கூடிய வண்டியில் 160-க்கு மேல் போகக்கூடாத டயர். அதன் வேலைக்கு அது போதும், மணலில் யார் 160-ல் போகப்போகிறார்கள்? அதை மாட்டிக்கொண்டு ஹைவேயில் விரட்டுகிறவர் இந்த எழுத்தைப் படித்ததே இல்லை என்று அர்த்தம். சுமையும் அப்படித்தான். ஆர் 1250 ஜிஎஸ் 249 கிலோ, மொத்தமாக 465 கிலோ வரைதான் ஏற்றலாம். மிச்சம் 216 கிலோ. இரண்டு பேர் ஏறி, மூன்று பெட்டியும் மாட்டி, அதில் சாமான் அடைத்தால் அது எங்கே போய் நிற்கும் என்று கூட்டிப் பார்க்கவேண்டும்.

மூன்றாவது, டயரின் வயது. பக்கவாட்டில் கடைசியாக நாலு இலக்கம் இருக்கும். 1822 என்றால் 2022-ம் வருஷத்தின் 18-வது வாரம் செய்தது. பெரிய வண்டி டயர் மெதுவாகத்தான் விற்கும், கடையில் வருஷக்கணக்கில் தூங்கிய சரக்கை "புதுசு சார்" என்று கொடுப்பார்கள். ரப்பர் இறுகிப்போனால் எந்த பிராண்டாக இருந்தும் பிரயோஜனம் இல்லை. வாங்கும்முன் அந்த நாலு இலக்கத்தைப் பார்த்தே ஆகவேண்டும்.

நாலாவது, ஜோடி. முன்னால் ஒரு வகை, பின்னால் ஒரு வகை என்று கலந்து கட்டக்கூடாது. "பின்னாடி மட்டும் பட்டன் போட்டுக்கலாம்" என்பதும் இதில் சேரும். வண்டி சாய்கிற விதம் மாறும், இரண்டு சக்கரமும் வெவ்வேறு நேரத்தில் பிடி விடும்.

ஐந்தாவது, காசே செலவில்லாத விஷயம்: காற்று. ஆர் 1250 ஜிஎஸ் வண்டிக்குச் சொல்லப்பட்டிருப்பது முன்னால் 2.5 பார், பின்னால் 2.9 பார், அதாவது ஏறத்தாழ 36-ம் 42-ம் பிஎஸ்ஐ. டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்கவேண்டும். மண்ணில் போகக் காற்றை இறக்கிவிட்டு, திரும்பும்போது ஏற்றாமலே ஹைவேயில் பறப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு எந்த நல்ல டயரும் உதவாது. புது டயர் மாட்டிய முதல் 100-200 கிலோமீட்டர் நிதானமாகப் போய் அதன் வழவழப்பைத் தேய்த்துவிடவும் வேண்டும்.

தேய்மானத்துக்கும் சட்டம் உண்டு. ஜெர்மனியில் டிரெட் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது, பிரிட்டனில் பெரிய பைக்குகளுக்கு 1 மில்லிமீட்டர். சட்டம் சொல்வது கடைசி எல்லை. மழைக்காலத்தில் அதுவரை காத்திருப்பது வீரம் கிடையாது.

கடைசியாக

அட்வெஞ்சர் என்ற வார்த்தையை யாரும் வெறுக்கவேண்டியதில்லை. ஆசைப்பட்டு, பணம் சேர்த்து, அவ்வளவு பெரிய வண்டி வாங்குகிறவர் நாலு ஊர் பார்க்கவேண்டும், மலை ஏறவேண்டும், தெரியாத பாதையில் திரும்பவேண்டும். அதற்குத்தானே வண்டி. ஆனால் அந்த ஊர்களுக்குப் போகிற வழி முக்கால்வாசி தார். அந்தத் தாரில் மழை பெய்யும், டீசல் சிந்தியிருக்கும், நாய் குறுக்கே ஓடும். அன்றைக்கு வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையோ டயரின் தோற்றத்தையோ பார்த்து எந்த லாரியும் தானாக ஒதுங்கிப் போகாது.

டயர் கடையில் "எது சார் வேணும்" என்று கேட்கும்போது சொல்லவேண்டிய பதில் போன வருஷம் ஓட்டிய ரோட்டில் இருக்கிறது. எத்தனை கிலோமீட்டர் தார், எத்தனை கிலோமீட்டர் மண், மழையில் எத்தனை நாள், பின்சீட்டில் யார். இந்த நாலையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கடைக்குக் கொண்டுபோனால் போதும். பாலைவனப் படம் அந்தச் சுவரிலேயே மாட்டியிருக்கட்டும்.